மருதையாறு கேட்ட கேள்வி

1956, நவம்பர் 23. பொழுது இன்னும் விடியவில்லை. முந்தின நாள் இரவு மெட்ராஸிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், விழுப்புரம், விருத்தாசலம் எல்லாம் தாண்டி அரியலூரையும் கடந்துவிட்டது. வெளியே கொட்டும் மழை. பெட்டிகளுக்குள்ளே தெற்குச் சீமைக்குப் போகிற ஜனங்கள், மூட்டை முடிச்சுகளோடு தூக்கத்தில். அடுத்த ஸ்டேஷன் கல்லகம். நடுவில் ஒரு பாலம். கீழே மருதையாறு.

மருதையாறு ஒன்றும் காவிரி மாதிரி பேர்பெற்ற ஆறு இல்லை. பெரம்பலூர் பக்கத்துப் பச்சைமலையில் பிறந்து, அரியலூர் வழியாக ஓடி, கொள்ளிடத்தில் கலக்கிற சின்ன ஆறு. வருஷத்தில் பல மாதம் மணல்தான் தெரியும். ஆனால், ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் மழை பிடித்துக்கொண்டால் சில மணி நேரத்தில் அதன் குணமே மாறிப்போகும்!

அன்றைக்கு மாறியிருந்தது. வெள்ளம், பாலத்தையும் அதை ஒட்டிய பாதையையும் பதம் பார்த்திருந்தது. இருட்டில் வந்த எஞ்சினுக்கு இது தெரிய வழியில்லை. எஞ்சினும் அதன் பின்னால் வந்த பெட்டிகளும் ஆற்றுக்குள் பாய்ந்தன. சுமார் 150 பேர் இறந்துபோனார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். தென் மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளில் அன்று ஒப்பாரி.

அப்போது மத்திய ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி. உதவி மந்திரி நம்ம செங்கல்பட்டுத் தொகுதி எம்.பி.யான ஓ.வி. அளகேசன். விபத்து நடந்த சில நாட்களிலேயே சாஸ்திரி தன் ராஜினாமாவைப் பிரதமர் நேருவிடம் கொடுத்துவிட்டார். இதுவரை உங்களுக்குத் தெரிந்த கதைதான். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலிருந்து அரசியல் மேடைவரை எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை!

ஆனால், இந்தக் கதையில் அவ்வளவாகப் பேசப்படாத பாதி ஒன்று இருக்கிறது. ஒரு பெரிய நிறுவனத்தில் தப்பு நடந்தால் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள், எப்படி நடந்துகொண்டால் அடுத்த தப்பைத் தடுக்கலாம் என்கிற பாதி. ஆபீஸில், ஆஸ்பத்திரியில், பாங்க்கில், பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் வேண்டிய பாதி.

முதலில், சாஸ்திரி கொடுத்தது அந்த வருஷத்தின் இரண்டாவது ராஜினாமா! அரியலூருக்குச் சுமார் மூன்று மாதம் முன்பு, இன்றைய தெலங்கானாவில் இருக்கும் மெகபூப் நகர் அருகே இதேபோல் ஒரு ரயில் விபத்து. அங்கும் மழைதான், அங்கும் பாலம்தான். நூறு பேருக்கு மேல் பலி. அப்போதும் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார். 'வேண்டாம்' என்று நேரு தடுத்துவிட்டார். அரியலூருக்குப் பிறகு தடுக்க முடியவில்லை.

ராஜினாமாவை ஏற்றபோது நேரு நாடாளுமன்றத்தில் சொன்னதைக் கவனிக்க வேண்டும். இந்த விபத்துக்கு சாஸ்திரி எந்த விதத்திலும் காரணம் என்று நினைத்து நான் இதை ஏற்கவில்லை, ஜனநாயக மரபில் இது ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்றுதான் ஏற்கிறேன் என்ற பொருள்படப் பேசினார். அதாவது, பொறுப்பு வேறு... காரணம் வேறு!

இந்த இரண்டையும் நாம் எப்போதும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சாஸ்திரி ஏற்றது பொறுப்பை. பாலத்துக்கு என்ன ஆயிற்று, வெள்ளம் வருவது முன்கூட்டியே தெரிந்ததா, தெரிந்திருந்தால் அந்தத் தகவல் ஏன் டிரைவர்வரை போகவில்லை - இதெல்லாம் காரணம். பொறுப்பை ஒருவர் ஒரு கடிதத்தில் ஏற்றுவிடலாம். காரணத்தை அப்படி ஒரு கடிதத்தில் முடிக்க முடியாது. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால், மனித மனசுக்குக் காரணம் தேடப் பொறுமை கிடையாது. அதற்கு வேண்டியது ஒரு முகம். 'யாருய்யா பண்ணினது?' - இதுதான் முதல் கேள்வி. அளகேசனைப் பாருங்கள். 1957 பொதுத்தேர்தலில் தி.மு.க.வினர் அரியலூரையும் அளகேசன் பேரையும் மோனையாகச் சேர்த்துக் கோஷம் போட்டார்கள். அந்த அடுக்குமொழி பட்டிதொட்டியெல்லாம் பரவியது. அந்தத் தேர்தலில் அவர் தோற்றும் போனார். தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால், 150 பேர் செத்துப்போன துக்கத்துக்கும் கோபத்துக்கும் ஒரு பேர் தேவைப்பட்டது, கிடைத்தது. மருதையாற்று வெள்ளத்தைத் தேர்தலில் தோற்கடிக்க முடியுமா என்ன?

மேலே இருப்பவர்களுக்காவது இப்படித் தேர்தல் மூலம் கணக்குத் தீர்க்கப்படுகிறது. பெரும்பாலான நிறுவனங்களில் பழி மேல்நோக்கிப் போவதே இல்லை. தண்ணீர் மாதிரி அது பள்ளத்தைத் தேடித்தான் ஓடும். மானேஜரிடமிருந்து சூப்பர்வைஸருக்கு, சூப்பர்வைஸரிடமிருந்து கிளார்க்குக்கு, கிளார்க்கிடமிருந்து கடைசியில் வாட்ச்மேனுக்கு! ஒருவரை சஸ்பெண்ட் செய்ததும் எல்லோருக்கும் நிம்மதி. ஃபைல் மூடப்படும். வேலை நடக்கும் விதம் மட்டும் அப்படியே இருக்கும்.

இதில் என்ன நஷ்டம் என்று தெரிய, மழைக்காலத்து ரயில் பாதையில் இரவில் நடந்து போகும் ஒரு கேங்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். 1956ல் அந்த இரவில் நடந்ததைச் சொல்லவில்லை. எந்த மழை இரவிலும், எந்தப் பாதையிலும் ரோந்து போகிற ஒரு தொழிலாளியைச் சொல்கிறேன். கையில் விளக்கு. பையில் டெட்டனேட்டர்கள். தண்டவாளத்தில் கட்டிவைத்தால் எஞ்சின் சக்கரம் ஏறும்போது பட்டாசு மாதிரி வெடிக்கும். சத்தம் கேட்டு டிரைவர் பிரேக் போடுவார். ரோந்துக்கு ஒரு கையேடு உண்டு. ஸ்டேஷனில் கையெழுத்து வாங்க வேண்டும், எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ரோந்துக்காரரோடு அதை மாற்றிக்கொள்ள வேண்டும். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடுதான்.

இப்போது ராத்திரி மூணு மணி. பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஆபத்தா, இல்லையா? அந்த இருட்டில் சரியாகத் தெரியவில்லை. தூரத்தில் எக்ஸ்பிரஸ் வரும் சத்தம். ஆபத்து என்று தோன்றினால் ரயிலை நிறுத்து என்கிறது விதி. ஆனால், அவர் மனசில் அந்த நேரம் ஓடுவது விதிப்புத்தகம் இல்லை. போன தடவை ஒருத்தன் ரயிலை நிறுத்தினானே, பார்த்தால் பாலத்துக்கு ஒன்றுமில்லையே, அவனுக்கு என்ன ஆச்சு? - இதுதான் ஓடும். 'வீணா அரைமணி நேரம் லேட் பண்ணிட்டியே' என்று அவனைக் காய்ச்சியிருந்தால், இவர் கை தயங்கும். 'ஒண்ணுமில்லைன்னாலும் பரவாயில்லைப்பா, நிறுத்தினது சரிதான்' என்று முதுகில் தட்டியிருந்தால் தயங்காது.

சுற்றறிக்கை ஆயிரம் அனுப்பலாம். ஒரு நிறுவனத்தில் மனிதர்கள் படிப்பது சுற்றறிக்கையை இல்லை. முன்னால் உண்மை சொன்னவன் கதி என்ன ஆயிற்று என்பதைத்தான்.

ரயில்வேயை நடத்தியவர்களுக்கு இந்த மனித சுபாவம் ஓரளவு அன்றே புரிந்திருந்தது. 1937ல் பாட்னாவை அடுத்த பிஹ்டாவில் ஒரு பெரிய ரயில் விபத்து. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு பிரிட்டிஷ் ரயில்வே அதிகாரி மவுண்ட் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. பாதுகாப்பைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர்கள் ரயில்வே போர்டின் கீழ் இருக்கக்கூடாது என்றது கமிட்டி. தன் பிரமோஷன் யார் கையில் இருக்கிறதோ, அவர் தப்பை எழுத எத்தனை பேருக்குப் பேனா ஓடும்? 1941 மே மாதம் அந்த இன்ஸ்பெக்டர்கள் ரயில்வே போர்டிலிருந்து பிரிக்கப்பட்டு, தபால் மற்றும் விமானத்துறையின் கீழ் வந்தார்கள். 1961ல் ரயில்வே பாதுகாப்பு கமிஷனர் என்று பேர் மாறியது. இன்றைக்கும் ரயில் விபத்தை விசாரிக்கிற அந்த கமிஷனர் இருப்பது ரயில்வே அமைச்சகத்தில் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தில்! ரயிலுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரிப்பார்கள். சம்பந்தம் இல்லை என்பதுதான் அங்கே விசேஷமே.

அமெரிக்காவில் விமானத்துறையும் இதே பாடத்தை 1974ல் படித்தது, ரொம்பப் பெரிய விலை கொடுத்து. அந்த வருஷம் டிசம்பர் 1ம் தேதி, வாஷிங்டன் அருகே டி.டபிள்யூ.ஏ. விமானம் ஒன்று மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். தரைக் கட்டுப்பாட்டு அறை சொன்ன ஒரு வாக்கியத்தை விமானிகள் வேறு மாதிரி புரிந்துகொண்டு சீக்கிரமே கீழே இறங்கிவிட்டார்கள். விசாரித்தபோது ஒரு விஷயம் வெளியே வந்தது. ஆறு வாரம் முன்பு யுனைடெட் கம்பெனி விமானிகளும் அதே இடத்தில் அதே மாதிரி இறங்கி மயிரிழையில் தப்பியிருக்கிறார்கள்! அவர்கள் தங்கள் கம்பெனியில் சொன்னார்கள். அந்தக் கம்பெனி தன் விமானிகளை எச்சரித்தது. பக்கத்துக் கம்பெனிக்குத்தான் செய்தி போகவில்லை.

இதன் விளைவாக 1976ல் ஒரு திட்டம் வந்தது. விமானிகள் தங்கள் தவறையும், மயிரிழையில் தப்பியதையும் ரகசியமாக எழுதி அனுப்பலாம். விமானத்துறையின் கண்காணிப்பு அமைப்பு பணம் கொடுக்கும். ஆனால், கடிதங்களை வாங்கிப் படிப்பது நாஸா! தண்டனை கொடுக்கிற கையிலேயே கடிதத்தையும் கொடுத்தால் எவன் எழுதுவான்? நாஸாவுக்குத் தண்டிக்கிற அதிகாரம் இல்லை. அதனால், கடிதங்கள் வந்தன, லட்சக்கணக்கில்.

ஆஸ்பத்திரிகளிலும் இதே கதைதான். 1990களில் ஏமி எட்மன்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர், நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கிற நர்ஸ்கள், நல்ல தலைமை இருக்கிற வார்டில் தப்பு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கைப் பார்த்தால் தலைகீழ்! நல்ல வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. கொஞ்சம் ஆழமாகப் போன பிறகு விஷயம் விளங்கியது. அங்கே தவறு அதிகமாக நடக்கவில்லை. நடந்ததைப் பயமில்லாமல் சொன்னார்கள். கடுமையான தலைமை நர்ஸ் இருந்த வார்டில் தவறுகள் மூடி மறைக்கப்பட்டன. ஆகவே, 'எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு தப்பும் கிடையாது சார்' என்று ஒருவர் மார்தட்டினால், முதலில் கொஞ்சம் கவலைப்பட வேண்டும்.

இங்கிலாந்து உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் ரீஸன் பெரிய விபத்துகளை விளக்க, ஓட்டை போட்ட பாலாடைக்கட்டித் துண்டுகளை உதாரணம் காட்டினார். நாம் உளுந்து வடையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு வடையை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தால் ஓட்டை வழியாக அந்தப் பக்கம் தெரியும். ஐந்தாறு வடைகளைத் தாறுமாறாக அடுக்கினால் தெரியாது. ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைத்துவிடும். நிறுவனத்தில் உள்ள பாதுகாப்பு ஏற்பாடுகள் அப்படித்தான் - எல்லாவற்றிலும் ஓட்டை உண்டு. எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்க்கோட்டில் வந்துவிடுகிற நாளில்தான் விபத்து. கடைசி வடைக்குப் பக்கத்தில் நின்றவனை மட்டும் பிடித்துத் தண்டித்தால் மற்ற ஓட்டைகள் அப்படியே காத்திருக்கும், அடுத்த நாளுக்கு.

காத்திருந்தன. 2005 அக்டோபர் 29ம் தேதி, அன்றைய ஆந்திராவின் வலிகொண்டா அருகே, ஏரி உடைந்து வந்த வெள்ளம் ஒரு சின்ன ரயில் பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. விடியற்காலையில் வந்த டெல்டா பாசஞ்சர் கவிழ்ந்து நூறு பேருக்கு மேல் பலி. அரியலூருக்கு ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து அதே மழை, அதே இருட்டு, அதே மாதிரி பாலம்!

இதில் ஒரு நிர்வாகச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஏரி ஒரு துறையுடையது. பாலம் இன்னொரு துறையுடையது. தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது. உடைந்தால் ரயில் பாதையைப் பாதிக்கக்கூடிய ஏரிகள் எவை என்று ரயில்வே ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. இரு தரப்பு அதிகாரிகளும் வருஷா வருஷம் சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. ஆனால், கரை அரிப்பதைப் பார்த்தவன் போனை எடுத்து, வேறு துறைக்காரனிடம் 'சார், ஏரி தாங்காது' என்று தயங்காமல் சொல்லும் பழக்கம், பட்டியல் போடுவதால் மட்டும் வந்துவிடாது. பச்சைமலை மழையைப் பார்ப்பவன் ஒருவன், மருதையாற்றுப் பாலத்தில் ரயில் ஓட்டுபவன் இன்னொருவன். நடுவில் ஓட வேண்டியது செய்தி. அது தண்ணீரை விட வேகமாக ஓட வேண்டும்.

2023 ஜூன் 2ம் தேதி ஒடிஸாவில் பாஹாநாகா பஜார் விபத்து. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், மெயின் லைனில் போக வேண்டியது, பக்கத்து லைனில் நின்ற சரக்கு ரயிலில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் பலி. விசாரித்த பாதுகாப்பு கமிஷனர், சிக்னல் ஒயர்களைத் தவறாக இணைத்ததுதான் காரணம் என்றார். அதோடு விடவில்லை. 2022 மே மாதமே கரக்பூர் கோட்டத்தில் தப்பான ஒயரிங்கால் இதே மாதிரி ஒரு சம்பவம் நடந்தது, அப்போதே சரிசெய்திருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது என்றும் எழுதினார். ஆறு வாரம் முன்பு யுனைடெட் விமானம்... ஒரு வருஷம் முன்பு கரக்பூர்! பெரிய விபத்து பல சமயம் முதலில் சின்னதாக வந்து கதவைத் தட்டிவிட்டுத்தான் போகிறது. சின்னதாக வந்ததை, 'நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகலை' என்று ஃபைலில் போட்டுவிடுகிறோம்.

அப்படியானால் தப்பு செய்தவனைத் தண்டிக்கவே கூடாதா? அப்படி இல்லை. குடித்துவிட்டு வேலைக்கு வந்தவன், தெரிந்தே ரிக்கார்டைத் திருத்தியவன், கமிஷனுக்காக மட்டமான சிமென்ட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டவன் - இவர்களுக்குத் தண்டனை வேண்டும்தான். பிரித்துப் பார்க்க, நிபுணர்கள் சொல்கிற ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. அந்த நாற்காலியில் அந்த ஆளுக்குப் பதில், அதே படிப்பும் அதே அனுபவமும் உள்ள இன்னொரு யோக்கியமான ஆளை உட்கார வைத்திருந்தால், அவரும் இதே தப்பைச் செய்திருப்பாரா? 'ஆமாம்' என்று பதில் வந்தால், மாற்ற வேண்டியது ஆளை இல்லை, நாற்காலியை!

சாஸ்திரியின் ராஜினாமாவை இந்தப் பின்னணியில் திரும்பப் பார்க்கலாம். அந்தக் கடிதத்தால் பாலம் பலமாகிவிடவில்லை. 1956 டிசம்பர் 7ம் தேதி ஜெகஜீவன்ராம் ரயில்வே மந்திரியானார். அதற்குப் பிறகும் விபத்துகள் நடந்தன. 1999ல் கைசால் விபத்தில் 280க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது நிதிஷ்குமாரும் ராஜினாமா செய்தார். அப்படியும் விபத்து நின்றுவிடவில்லை. ராஜினாமா மட்டுமே மருந்து என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

ஆனால், அந்தக் கடிதம் ஒரு காரியம் செய்தது. கீழ்நோக்கி ஓட வேண்டிய பழியை, எல்லோருக்கும் மேலே இருந்த ஒருவர் தன் தலையில் வாங்கிக்கொண்டார். தலைவனே 'பொறுப்பு என்னுடையது' என்று சொல்லிவிட்ட இடத்தில், கேங்மேனும் ஸ்டேஷன் மாஸ்டரும் கொஞ்சம் பயம் தெளிந்து உண்மை பேச வாய்ப்பு வருகிறது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, 'சரி, எப்படி நடந்தது?' என்று பின்னால் வருகிறவர்கள் கேட்க வேண்டும். தலைவர் பொறுப்பை ஏற்பது, நிறுவனம் காரணத்தைத் தேடுவது, இரண்டும் சேர்ந்தால்தான் பிரயோஜனம். நாம் முதல் பாதியைக் கொண்டாடிவிட்டு இரண்டாம் பாதியை மறந்துவிட்டோம்.

மறதி என்றதும் ஒரு தகவல். விபத்து நடந்தபோது அரியலூர், பெரம்பலூர் எல்லாம் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தவை. 1995ல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது, 2002ல் திரும்பச் சேர்ந்தது, கடைசியாக 2007ல் மறுபடி தனி மாவட்டமானது. அது நடைமுறைக்கு வந்த தேதி... நவம்பர் 23! தற்செயலாக அமைந்ததுதான். அரியலூர் மாவட்டம் மறுபடி பிறந்த அதே தேதியில்தான், 51 வருஷம் முன்பு மருதையாறு அத்தனை உயிர்களை வாங்கியது.

நாளைக்கே உங்கள் ஆபீஸில் ஒரு தப்பு நடக்கும். கணக்கு இடிக்கும், சரக்கு மாறிப்போகும், ஒரு நோயாளியின் ரிப்போர்ட் இன்னொருவருக்குப் போகும். 'யார் பண்ணினது?' என்ற கேள்வி உங்களுக்கு நாக்கு நுனிவரை வரும். வரட்டும், தப்பில்லை, மனித சுபாவம். அதை முழுங்கிவிட்டு, 'இது எப்படி நடந்துது, கொஞ்சம் சொல்லுங்க' என்று கேட்டுப் பாருங்கள். எதிரே நிற்பவர் முதலில் நம்பமாட்டார். இரண்டாவது தடவை கேட்டால் கொஞ்சம் சொல்வார். மூன்றாவது தடவை, நீங்கள் கேட்காமலே, தண்ணீர் ஏறுகிறது என்று ஓடிவந்து சொல்வார்.